தொழுகை வரிசையும் சேர்க்கை வரிசையும்

(கோவளத்தில் ஆற்றிய இரட்டைமலை சீனிவாசன் நினைவுரையின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் நம் மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் அவருடைய ஊர். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் அவமானப்படுத்தியதோ, அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர்.

அந்த இருவருக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. 1935இல் யேவலாவில் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்தார். சீனிவாசன் அதற்கு உடன்படவில்லை. நாம் இந்து மதத்துக்குள்ளேயே இல்லை, அப்படியிருக்க வெளியேறுவது எங்கிருந்து என்பது அவருடைய வாதம். நான் இங்கே அந்த வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்க வந்திருக்கிறேன். வெளியேறிப் போனவர்கள் இருக்கிறார்கள். சிலர் தேவாலயத்துக்குப் போனார்கள், சிலர் பௌத்தத்துக்குப் போனார்கள், சிலர் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பள்ளிவாசலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று எந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள்?

நான் சொல்ல வந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதம் மாறினால் சாதி போகிறதா என்பதைப் பற்றி நூறு ஆண்டுகளாகப் பேசுகிறோம். சாதி போகிறதோ இல்லையோ, சாதியைப் பற்றிய அரசுப் பதிவு போய்விடுகிறது. பதிவு போன இடத்தில் உரிமையும் போய்விடுகிறது. ‘எங்களிடம் சாதி இல்லை’ என்று சமயம் சொல்கிறது. ‘உங்களுக்குச் சாதி இல்லை’ என்று அரசு சொல்கிறது. இந்த இரண்டு இல்லைகளுக்கும் நடுவில் ஒரு பிள்ளை சேர்க்கை வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது.

பள்ளிவாசலில் கிடைத்தது

முதலில் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் அடுக்குகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வந்தது. நாடே அதிர்ந்தது. அரேபியப் பணம் வந்தது என்றார்கள், சதி என்றார்கள். அந்தக் குடும்பங்களில் படித்தவர்கள் இருந்தார்கள், அரசு வேலையில் இருந்தவர்களும் இருந்தார்கள். படித்து வேலைக்குப் போன பிறகும் தேநீர்க் கடையில் தனிக் குவளை என்றால், மனிதன் எங்கே மரியாதை இருக்கிறதோ அங்கே போவான். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் இருந்தால் யாரும் போய் நிற்கலாம். தோளோடு தோள் சேர்த்து நிற்க வேண்டும் என்பது விதி. தொழுகைக்கு முதன்முதலில் அழைப்புக் கொடுத்தவர் பிலால், அடிமையாக இருந்த கறுப்பர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நம் பகுதியிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1960களின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி ஆய்வு செய்தார். 1972இல் அது புத்தகமாக வந்தது. ராவுத்தர், லெப்பை, மரக்காயர், காயலர் என்ற பிரிவுகள் இருந்தாலும், அவை இந்துச் சாதிகளைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை என்று அவர் கண்டார். வடநாட்டில் அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸால் என்று மேல், இடை, கடை எனப் பிரித்து வைத்திருப்பதோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் அந்த இறுக்கம் குறைவு என்பது உண்மை. அங்கே மலம் அள்ளிய ஹலால்கோர், லால்பேகி பிரிவினரின் நிலை முஸ்லிம் என்ற பெயரால் மாறவில்லை. அதனால்தான் பீகாரில் அலி அன்வர் போன்றவர்கள் 1990களின் கடைசியில் பஸ்மாந்தா, அதாவது பின்தங்கிய முஸ்லிம்கள், என்ற பெயரில் தனி இயக்கம் கட்டினார்கள்.

ஆனால் மைன்ஸ் பார்த்தது வணிகர்களை. தங்களுக்குள் சமமாக இருக்கிறவர்கள் புதிதாக வந்து சேர்ந்தவரையும் சமமாக நடத்துகிறார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைச் சமூகவியலைவிட இலக்கியம் துணிச்சலாகக் கேட்டது.

நாவல்கள் பார்த்தது

இது இலக்கிய அரங்கம். ஆகவே நான்கு பெயர்களை நினைவுபடுத்துகிறேன். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வந்தது. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வருவதை ஊரின் பெரிய வீடே எதிர்ப்பதை அதில் படிக்கிறோம். கல்வி வந்தால் யாருடைய அதிகாரம் போகும் என்பது அந்த முதலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ ஒரே ஊரில் ஒரே மதத்துக்குள் தெருவுக்குத் தெரு மாறும் மரியாதையைச் சொன்னது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ பருவம் வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படும் பெண்ணின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போனது. அன்வர் பாலசிங்கத்தின் ‘கருப்பாயி என்கிற நூர்ஜஹான்’ மதம் மாறிய தலித் குடும்பத்துப் பெண்ணுக்கு ஏன் மாப்பிள்ளை வரவில்லை என்று நேராகக் கேட்டது.

கடைசி நாவல் வந்தபோது சிலர் கோபப்பட்டார்கள். மதத்தைக் களங்கப்படுத்துகிறார் என்றார்கள். ஆனால் அந்த நாவல் கேட்டது மார்க்கத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர் ஏன் சம்பந்தி ஆகவில்லை என்பதுதான் கேள்வி. அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணத்தில் இருக்கிறது என்று 1916லேயே சொன்னார். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் உறவு இல்லை. உறவு இல்லாத இடத்தில் வேலைக்குச் சிபாரிசு இல்லை, கல்லூரி நிர்வாகத்தில் தெரிந்தவர் இல்லை, அவசர நேரத்தில் மருத்துவச் செலவுக்குக் கைமாற்றும் இல்லை. திருமணத்தை நாம் தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகும் பாதை அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது.

சூசையின் பெட்டிக்கடை

இப்போது அரசின் பக்கம் வருவோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது அது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒருவரின் பெயர் நம் சட்ட வரலாற்றில் இருக்கிறது. சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்குத் தமிழ்நாடு அரசு 1982இல் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில் செய்த சூசைக்குக் கிறித்தவர் என்பதால் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் எங்கள் முன் இல்லை என்றது நீதிமன்றம்.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆதாரம் கொண்டு வா என்று கேட்கிறது நீதிமன்றம். ஆதாரத்தை யார் சேகரிக்க முடியும்? அரசுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதி என்ற கட்டம் இந்து, சீக்கியர், பௌத்தர் மூவருக்கு மட்டுமே திறக்கும். தலித் முஸ்லிம் என்று எழுத அங்கே கட்டமே இல்லை. எண்ண மறுத்துவிட்டு எண்ணிக்கை எங்கே என்று கேட்பதுபோல் ஆகிவிட்டது. செருப்புத் தைக்கும் மனிதர் எந்தப் புள்ளிவிவரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்?

அதற்குப் பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதற்குக் கால நீட்டிப்பும் கொடுத்தார்கள். யேவலா அறிவிப்பிலிருந்து எண்ணினால் மூன்று தலைமுறை ஓடிவிட்டது.

இரண்டு சகோதரர்களின் கணக்கு

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். நம் மாநிலத்தில் இடஒதுக்கீடு 69 சதவீதம். அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாக ஒதுக்கப்பட்டது. அது நல்ல நடவடிக்கை, நீண்ட போராட்டத்தின் பயன். அந்தப் பட்டியலில் ஏழு பிரிவுகள்: அன்சார், தக்கணி, துதேகுலா, ராவுத்தர் மரக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிளா, ஷேக், சையத். மதம் மாறி வந்த தலித்துக்கு இதில் பெயர் இல்லை.

பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிறார். முஸ்லிமானவரோ பல ஆண்டுகள் ‘இதர வகுப்பு’ என்று எழுதப்பட்டார். அதாவது, சாதியால் எந்தத் தடையையும் சந்திக்காதவர்களோடு சேர்த்து வைக்கப்பட்டார். 2024 மார்ச்சில்தான், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர், பட்டியல் சாதிப் பிரிவுகளிலிருந்து இஸ்லாத்துக்கு மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று மாநில அரசு ஆணை போட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

ஒரு சேரியில் அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கூலி வேலை, ஒரே ஓலைக் கூரை. தம்பி முஸ்லிமாகிறார். அண்ணன் மகளுக்கு 18 சதவீதத்தில் பங்கு உண்டு, ஆதிதிராவிடர் நல விடுதி உண்டு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணத்தை ஈடுகட்டும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தம்பி மகளுக்கு 2024 வரை இவற்றில் எதுவும் இல்லை. இப்போது 3.5 சதவீதத்துக்குள் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. அந்த மூலையில் அவள் போட்டி போட வேண்டியது மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும், கல்லூரி நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகளோடு. நாளை அவளை ஒருவன் பழைய சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க முடியாது. திட்டுகிறவனுக்கு அவள் சாதி ஞாபகம் இருக்கிறது, சட்டத்துக்கு மட்டும் மறந்துபோகிறது.

பழைய சாதியின் சலுகைக்காகத் திரும்பி வருவதாகச் சொன்னால் வேறு சந்தேகம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்றது உச்ச நீதிமன்றம். உண்மையைச் சொன்னால் உரிமை இல்லை, உரிமை கேட்டால் பொய்யர் என்ற நிலைக்கு ஏழைகளைத் தள்ளிய சட்டத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

சச்சார் குழு அறிக்கை 2006இல் வந்தது. இந்திய முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை அரசின் தரவுகளைக்கொண்டே காட்டியது. முஸ்லிம் குழந்தைகள் எல்லாம் மதரசாவுக்குத்தான் போகிறார்கள் என்ற கட்டுக்கதையையும் உடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரசாவுக்குப் போகிறவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

ஆனால் தமிழ்நாட்டுக்கு வந்தால் படம் வேறு. 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். மாநிலச் சராசரியே 73.5தான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினர் 63.2 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து, தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு என்ன குறை என்று கேட்கிறவர்கள் உண்டு. என் கேள்வி வேறு. மேலே சொன்ன தம்பியின் குடும்பம் மதம் மாறிய மறுநாள் 63.2 என்ற வரியிலிருந்து 82.9 என்ற வரிக்குப் போய்விட்டது. காகிதத்தில் பெரிய முன்னேற்றம். வீட்டில் ஒரு எழுத்துகூடக் கூடவில்லை. சராசரி என்பது நல்ல கூரை மாதிரி, கீழே யார் நனைகிறார்கள் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இதே உண்மையை அண்மைக்காலப் பொருளியல் ஆய்வு ஒன்று நாடு தழுவிய அளவில் காட்டியது. இந்தியாவின் சுமார் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளின் தரவைப் பார்த்தார்கள். முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பகுதியிலும் பட்டியல் சாதியினர் அதிகமாக வாழும் பகுதியிலும் அரசுப் பள்ளியும் மருத்துவ வசதியும் குறைவாக இருந்தன. மாவட்ட அளவில் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது, தெரு அளவுக்கு இறங்கினால்தான் தெரியும். நம் தென்சென்னைப் புறநகரைப் பாருங்கள். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து அடுக்கினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். வீடு முதலில் வந்தது, பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் பின்னால் வந்தன. இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளை எந்த மதக் கணக்கில் எழுதுவது?

சான்றிதழ் கேட்காத கதவு

இந்தக் கோவளத்தைப் பாருங்கள். ஆற்காட்டு நவாபு காலத்துத் துறைமுகம். கடற்கரையில் மீனவர் குப்பம், மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, பக்கத்திலேயே நட்சத்திர விடுதி. 2021இல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. மணலுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, மனிதர்கள்தான் தாலுகா ஆபீஸுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தர்காவுக்கு வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. நோய் தீர வேண்டி வருகிறார்கள். தர்காவில் சாதி கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை, ஆதார் கேட்பதில்லை. கையில் ஒன்றுமில்லாதவர் ஏன் முதலில் தர்காவுக்குப் போகிறார் என்பதற்கு மூடநம்பிக்கை என்ற ஒரே பதில் போதாது. திறந்திருக்கும் கதவுக்குத்தான் மனிதர் போவார்.

ஆனால் திறந்த கதவு மட்டும் மருத்துவம் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநல மருத்துவம் எட்டாத தூரத்தில் இருந்ததாலும், வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாததாலும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பின்னாளில் ஏர்வாடியில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த ‘தவா துவா’ என்ற ஏற்பாடு வந்தது. மக்கள் ஏற்கெனவே போகிற இடத்துக்கு மருத்துவர் போவது என்பது அதன் எளிய தத்துவம். அந்தத் தத்துவம் ஒவ்வொரு தர்காவுக்கும் ஒவ்வொரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கும் பொருந்தும்.

அரசு மருத்துவமனை வாசலில் யாரும் சாதிச் சான்று கேட்பதில்லை என்பதை மறுக்கவில்லை. தமிழ்நாட்டின் பொது மருத்துவத்தை நான் மதிக்கிறேன், அது இல்லையென்றால் நம் வீடுகளில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் கோவளத்து ஏழைக்குப் பெரிய அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் செங்கல்பட்டு, குரோம்பேட்டை, ராயப்பேட்டை என்று பேருந்து மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் கட்டடம் கட்டும் வங்காள, அசாமிய முஸ்லிம் தொழிலாளியிடம் இங்கத்திய குடும்ப அட்டை இல்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை, பேச மொழி இல்லை. பெயரைச் சொன்னதும் எந்த நாடு என்று கேட்கும் கேள்வி மட்டும் இருக்கிறது.

தோலும் கல்லூரியும்

இனி முஸ்லிம் சமூகத்து நண்பர்களிடம் உரிமையோடு ஒன்று பேச வேண்டும்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் தொடங்கின. நம் பக்கத்து வண்டலூரில் கிரசெண்ட் பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது. வட ஆர்க்காட்டிலும் திருச்சியிலும் சென்னையிலும் எழுந்த இத்தகைய கல்வி முயற்சிகளுக்குப் பின்னால் தோல் வணிகத்தின் செல்வத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சிக் கல்லூரிக்குப் பெயர் தந்த ஜமால் முகம்மது பெரிய தோல் வணிகர். அந்தத் தோலை உரித்தது யார்? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது யார்? குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. பல்லாவரத்திலிருந்து ஆம்பூர் வரை அந்தத் தொட்டிகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இதைக் கடன் கேட்கும் தொனியில் சொல்லவில்லை. இருவரும் ஒரே தோலால் கட்டப்பட்டவர்கள் என்று நினைவூட்டுகிறேன்.

சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியல் சாசனம் பாதுகாப்புத் தந்திருக்கிறது. தேவையான பாதுகாப்பு, அதை நாம் சேர்ந்தே காப்போம். அதே சாசனத்தின் 15(5) பிரிவின்படி அவற்றுக்கு இடஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தும் அவற்றுக்கு விலக்குத் தந்தது. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பது இப்போது நிர்வாகத்தின் மனச்சாட்சி. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ஒரு கணக்கை வெளியிடட்டும்: முதல் தலைமுறை மாணவர் எத்தனை, மதம் மாறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை, தலித் மாணவர் எத்தனை, நிர்வாகக் குழுவில் பெண்கள் எத்தனை? ஸகாத் யாருக்குப் போக வேண்டும் என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. புதிதாக இஸ்லாத்தின் பக்கம் வந்தவர்களும் அதில் ஒரு வகையினர். பைத்துல்மால் பணத்தில் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பங்கு வைப்பது புதுமை இல்லை, பழைய கடமை. ஜமாஅத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நிலை இன்னும் எத்தனை நாள்?

இது இங்கே மட்டும் உள்ள நோய் இல்லை. யேமனில் முஹம்மஷீன் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அதே அரபு மொழி, அதே தொழுகை. ஆனால் தெருக் கூட்டும் வேலை அவர்களுக்கு மட்டும். ஊருக்கு வெளியே குடிசை. தாயிஸ் பகுதியில் யுனிசெஃப் எடுத்த கணக்கில் அவர்கள் குழந்தைகளில் பத்தில் ஒன்றின் பிறப்புகூடப் பதிவாகியிருக்கவில்லை. பிறப்பே பதிவாகாத குழந்தைக்குப் பள்ளியும் தடுப்பூசியும் எப்படிப் போய்ச் சேரும்? மொரிட்டானியா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததாக அறிவித்தது 1981இல், மீனாட்சிபுரத்தின் அதே ஆண்டில். அதைக் குற்றமாக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. எந்த வேதமும் தன்னைத்தானே அமல்படுத்திக்கொள்ளாது. நம் தேவாலயக் கல்லறைகளில் நடுவே எழுப்பிய சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நம்மிடம் ஒரு கேள்வி

கடைசியாக, தலித் இயக்கத் தோழர்களுக்கு. மதம் மாறியவர்களைப் பட்டியலில் சேர்த்தால் நம் 18 சதவீதம் கரையும் என்ற அச்சம் நம்மிடையே இருக்கிறது. அது நியாயமான அச்சம், அதைப் பேசாமல் ஒற்றுமை பேசுவதில் பயனில்லை. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்குத் தமிழ்நாடு உள்ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்றது. புதிதாக வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மொத்தப் பங்கைக் கூட்டி, அவர்களுக்குத் தனி உள்பங்கு கொடுக்கலாம். யார் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கோ பங்கீடே தேவையில்லை. அடி வாங்குகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் யாருக்கும் ஒரு இடம்கூடக் குறையாது. அதை நாளையே கேட்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முஸ்லிம்களுக்குள் சாதி இருக்கிறது என்பதை இன்று சிலர் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். பஸ்மாந்தா முஸ்லிம் மேல் திடீர்ப் பாசம் காட்டுகிறார்கள். அதே ஆட்சிதான் 2022இல் சிறுபான்மையினருக்கான மெட்ரிக் முந்தைய உதவித்தொகையை ஒன்பது, பத்தாம் வகுப்போடு சுருக்கியது, ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் நிதியுதவியை நிறுத்தியது. ஏழை முஸ்லிமின் பிள்ளை படிக்கும் பணத்தை எடுத்துவிட்டு அவன் சாதிக்காகக் கண்ணீர் விடுகிறவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று நமக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். அதில் சாதியையும் எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. 2023இல் பீகார் தன் கணக்கெடுப்பில் முஸ்லிம்களுக்குள் உள்ள சாதிகளையும் எண்ணிக் காட்டியது. ஆகவே எண்ண முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. கணக்கெடுப்பாளர் வருவதற்கு முன் நீங்கள் போங்கள். பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் குரோம்பேட்டைக்கும் இந்தக் கோவளத்துக்கும் போங்கள். மதம் மாறிய குடும்பங்களைச் சந்தியுங்கள். உங்கள் முன்னோரின் சாதியை மறைக்கவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம், கட்டத்தில் சரியாக எழுதச் சொல்லுங்கள் என்று பேசுங்கள். பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது, கடைசியாக எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், அங்கிருந்து ஏன் திரும்பினார்கள் என்று எழுதி வையுங்கள். 1985இல் சூசையிடம் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை அவருக்காக யாரும் சேகரித்து வைத்திருக்கவில்லை. அடுத்த முறை ஒருவர் நீதிமன்றப் படியேறும்போது அவர் கையில் அது இருக்க வேண்டும்.